கொட்டாஞ்சேனை மாப்பிள்ளை

வெலிகாமம்
09.02.1946

அன்பு நிறைந்த மக்கீன் காக்காவுக்கு,

தங்கச்சி றலியாவின் ஸலாம். காக்காவும் நஸீறா மதினியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அநுராதபுரத்திலிருந்து உங்கள் மகன் ஸாலிஹ் ஒழுங்காகக் கடிதம் போடுகிறானா?

என் கண் இன்னும் மங்கல்தான். ஆள் வருவது தெரிகிறது, யார் என்பது பேசிய பிறகுதான் தெரிகிறது. வழமைபோல நான் சொல்லச் சொல்ல மகள் றமீலா இதை எழுதுகிறாள். உங்கள் கடிதத்தையும் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். ஆகையால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள் காக்கா. உங்கள் எழுத்தோடு மாரடிக்க முடியவில்லை என்று அவள் முறையிடுகிறாள்.

இப்போது எழுதுவது அவளுடைய காரியமாகத்தான். கலியாணம் பேசுகிற அலவி நானா ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறார். மாப்பிள்ளையின் பெயர் பதியுதீன். கொட்டாஞ்சேனையில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். தகப்பன் மீரா சாஹிப் என்று ஒருவர், அதே தெருவில் வீடு. அலவி நானா சொல்வதைக் கேட்டால் மாப்பிள்ளைக்குச் சிறகு மட்டும்தான் இல்லை. அவர் எல்லா மாப்பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார்.

தகப்பன் இல்லாத பிள்ளை. எனக்குக் காக்காவை விட்டால் விசாரிக்க வேறு ஆள் கிடையாது. போன முறை பாணந்துறை மாப்பிள்ளையைக் காக்கா மூன்று மாதம் விசாரித்தீர்கள். அதற்குள் அவர் வேறு இடத்தில் கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றுவிட்டார். இந்த முறை கொஞ்சம் கெதியாகப் பாருங்கள்.

மதினிக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். உங்கள் எல்லோருக்கும் துஆ கேட்கும்,
தங்கச்சி றலியா


வெள்ளவத்தை
20.02.1946

அருமைத் தங்கச்சி றலியாவுக்கு,

காக்காவின் ஸலாமும் துஆவும். உன் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். கண் விஷயம் கவலையாக இருக்கிறது. இங்கே பெரிய டாக்டரிடம் காட்ட நோன்புக்கு முன் நீ ஒரு முறை வரத்தான் வேண்டும். எனக்கு முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் பேசுகிறது. உன் மதினி சுகம்.

பாணந்துறைக் கதையை நீ சாகும்வரை சொல்லிக் காட்டுவாய் என்று தெரியும். அவர் அவசரப்பட்டதற்கு நான் என்ன செய்ய? துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். ஒரு பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டது கிடையாது. தங்கச்சியின் மகள் விஷயத்திலா போடப்போகிறேன்?

நான் விசாரிக்கிற விதம் உனக்குத் தெரியும். பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிறாரா என்று பார்ப்பது எனக்குப் போதாது. அங்கே எல்லோரும் நல்லவர்கள். அவரோடு வேலை செய்கிறவர், அவரைப் பிடிக்காதவர், அவரால் ஒரு பிரயோசனமும் இல்லாதவர், இந்த மூன்று பேரிடமும் கேட்க வேண்டும். பிறகு கோபம் வரக்கூடிய ஒரு நேரத்தில் ஆளை நேரில் பார்க்க வேண்டும். கலியாணத்துக்காக ஒருவர் கேட்டால் குறையைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்று எங்கள் பள்ளிவாசலில் தொழுவிக்கிற லெப்பையும் சொன்னார். நல்லது கெட்டது எதையும் மறைக்க மாட்டேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. வேலை முடிந்ததும் துறைமுகத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்துவிடுவேன்.

பிள்ளை றமீலாவுக்கு என் துஆ. எழுத்து இம்முறை பெரிதாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்.

காக்கா மக்கீன்


வெள்ளவத்தை
03.03.1946

மகன் ஸாலிஹுக்கு வாப்பாவின் ஸலாம்.

நாங்கள் சுகம். உன் காய்ச்சல் முற்றாக விட்டதா? நீர்ப்பாசனக் கந்தோரில் உத்தியோகம் பார்ப்பவன் என்றாலும் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். உம்மா இதை எழுதச் சொல்லி என் தலைமாட்டில் நிற்கிறா.

றமீலாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. விசாரிக்கும்படி றலியா மாமி எழுதியிருக்கிறா. இதைக் கேட்டதிலிருந்து உன் உம்மாவுக்கும் எனக்கும் ஓயாத வாக்குவாதம். "சொந்த மருமகளெ வெளியில குடுக்க நாங்களே மாப்புள தேடுறதா? வாயத் தொறந்து கேளுங்களேன்" என்கிறா. அவளை நம் வீட்டுக்கு எடுக்க வேண்டும் என்று எனக்கும் இரண்டு வருஷமாக ஆசைதான். உன் மனதும் எனக்குத் தெரியாததல்ல. போன பெருநாளுக்கு வெலிகாமத்துக்குப் போய்த் திரும்பும் வழியெல்லாம் நீ பேசாமல் வந்ததைப் பார்த்தேன்.

ஆனால் என்னால் கேட்க முடியாது. மாமி இருக்கிற வீட்டில் எனக்கிருந்த பங்கை, உன் மாமா மௌத்தாகி அடங்கிய கையோடு அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். நான் வாய் திறந்து பெண் கேட்டால், மனமில்லாவிட்டாலும் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவளுக்கு அந்த விருப்பம் இருந்திருந்தால் வெளி மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லி எனக்கே எழுதுவாளா? ஆகவே கேட்கிறதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உன் எண்ணத்தை எனக்குத் திறந்து எழுது. திட்டுவதானாலும் எழுது.

அன்புள்ள வாப்பா


அநுராதபுரம்
11.03.1946

அன்புள்ள வாப்பாவுக்கு,

ஸலாம். காய்ச்சல் விட்டுவிட்டது. தண்ணீர் கொதிக்க வைக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

றமீலாவைப் பற்றி நான் ஒன்றும் நினைத்ததில்லை என்று எழுதினால் அது பொய். கடிதம் கிடைத்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற காரணம் சரியென்றுதான் படுகிறது. கேட்க வேண்டாம்.

ஒன்று மட்டும், வாப்பா. என்னை மனதில் வைத்துக்கொண்டு அந்த மனிதரில் குறை தேடாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்கிறவர் இல்லை. இருந்தாலும் எழுதத் தோன்றியது.

உம்மாவுக்கும் உங்களுக்கும் துஆ செய்யும்,
மகன் ஸாலிஹ்


வெள்ளவத்தை
18.03.1946

தங்கச்சி றலியாவுக்கு,

காக்காவின் ஸலாம். எல்லோரும் நலம், நான் தவிர. எனக்கு இல்லாத இருமலுக்கு ஒன்பது நாளாக மருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையைக் கிட்ட இருந்து பார்க்க வேறு வழி தெரியவில்லை. வீட்டிலிருந்து ஒரு வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு நோயாளியாகப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, கடுமையான இருமல் என்று சீட்டு எழுதினார். டாக்டரைப் பற்றி எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் நாம் விசாரிப்பது அவரையல்ல.

பதியுதீன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று மருந்து கலக்கிறார். முன்னால் நாற்பது பேர். எல்லோருக்கும் அவசரம். ஒரு கிழவி, போன முறை தந்த மருந்து கசப்பு, நீ வேண்டுமென்றே கசக்கப் பண்ணினாய் என்று ஊருக்குக் கேட்கும்படி கத்தினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் போத்தலில், வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் வேளைக் குறிக் கடதாசியை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது, குரல் ஏறவில்லை. இரண்டாம் சனி நான் வேண்டுமென்றே என் முறைக்கு முன்னால் புகுந்தேன். "நானா, அந்தப் பொம்பளக்குப் பொறகுதான் நீங்க" என்று என்னைப் பின்னுக்கு அனுப்பினார். என் வயதுக்கும் தொப்பிக்கும் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை.

குறைகளையும் எழுதுகிறேன். ஆள் உயரம் குறைவு. பேச்சும் குறைவு. பிடிவாதம் உண்டு என்று தகப்பனோடு பழகியவர் ஒருவர் சொன்னார். தான் பிழையென்று கண்டதைத் தகப்பன் சொன்னாலும் செய்ய மாட்டாராம். கைகளில் மருந்துக் கறை இருக்கிறது, அது கழுவினாலும் போகாது. இன்னும் விசாரிக்கிறேன்.

உன் கண்ணுக்கு ஏதாவது ஊற்றுகிறாயா? கண்டவர் சொன்ன மூலிகையெல்லாம் ஊற்றாதே.

காக்கா மக்கீன்


வெலிகாமம்
30.03.1946

அன்புள்ள காக்காவுக்கு,

தங்கச்சி றலியாவின் ஸலாம். இங்கு யாவரும் நலம். இல்லாத இருமலுக்கு மருந்து குடிப்பதை உடனே நிறுத்துங்கள். மதினி எப்படிச் சும்மா விட்டா?

காக்காவின் கடிதத்தை மகள் வாசித்தாள். ஒரு விஷயம் காதுக்கு வந்திருக்கிறது. இவ்வூரிலிருந்து கொழும்புக்குப் போய்வந்த ஒருவர், அந்த மாப்பிள்ளையைக் கொட்டாஞ்சேனையில் கள்ளுத் தவறணையின் பின்வாசலில் இரண்டு முறை கண்டாராம். அது உண்மையானால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது. காக்கா தீர விசாரித்து எழுத வேண்டும்.

உயரம் குறைவென்றால் எவ்வளவு குறைவு? காக்காவின் தோளுக்கா, காதுக்கா? அந்தக் கிழவி கத்தியபோது அவர் கடைசியில் என்ன பதில் சொன்னார் என்று காக்கா எழுதவில்லை. அதையும் எழுதுங்கள்.

வேறு விசேஷமில்லை. ஸாலிஹுக்கு ஸலாம்.
தங்கச்சி றலியா


வெள்ளவத்தை
14.04.1946

தங்கச்சி றலியாவுக்கு ஸலாம்.

வீட்டில் சுகம். மருந்தை நிறுத்தியதும் எனக்கு உண்மையாகவே இருமல் பிடித்துவிட்டது. உன் மதினிக்கு இதில் அளவில்லாத சந்தோஷம்.

முதலில் உன் கேள்விகளுக்குப் பதில். ஆள் என் காதுக்கு வருவார். கிழவியிடம், "கசப்புத்தான் உம்மா. நானும் ருசி பார்த்தேன். மூக்கெப் பொத்திக்கொண்டு குடிங்க" என்றார். நீ இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பாய் என்று நான் நினைக்கவில்லை. பாணந்துறைக்காரரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவள் நீ.

இனித் தவறணை. இதில் நான் பட்ட பாட்டை அல்லாஹ்தான் அறிவான். தொப்பியும் கோட்டுமாகத் தவறணைக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்றேன். எங்கள் பள்ளிவாசல் நிருவாகத்தார் ஒருவர் அந்த வழியாக வந்து என்னைக் கண்டார். ஒன்றும் கேட்காமல் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் லெப்பை மதுவின் தீமையைப் பற்றிப் பேசினார். தற்செயலாக இருக்கலாம்.

பதியுதீன் பின்வாசலால் வந்ததும் உண்மை, உள்ளே போனதும் உண்மை. தவறணைக்காரருக்குக் காலில் ஆறாத புண். டாக்டர் சொல்லி இவர் ஒன்றுவிட்ட ஒரு நாள் போய்க் கழுவிக் கட்டுகிறார். நான் தவறணைக்காரரிடமே கேட்டேன். "ஹொந்த மாத்தயா", நல்ல ஐயா, என்று சிங்களத்தில் இரண்டு முறை சொல்லிக் காலைத் தூக்கிக் காட்டினார். பார்த்தவரிடம் இதைச் சொல்லிவிடு. ஒரு மனிதரின் பெயர் சும்மா கெடக்கூடாது.

இன்னொன்று. டிஸ்பென்சரிக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருக்கிற வெள்ளையம்மாவுக்கு இவரைக் கண்ணில் காட்டக்கூடாது. வாசலில் வெற்றிலை துப்பியதற்கு இவர் ஒரு முறை சத்தம் போட்டாராம். பிடிக்காதவர் வாயால் கேட்பதுதான் என் வழக்கம், ஆகவே போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தாளு பெரிய ரூலு பேசுவாருங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். போன வருசம் ரெண்டு போத்தல மாத்திக் குடுத்துட்டாரு. ஒண்ணு குடிக்கிறது, ஒண்ணு தேய்க்கிற விஷம். சாயங்காலம் கடை சாத்துறப்பதான் தெரிஞ்சிருக்கு. கொட்டுற மழையில முகத்துவாரம் வரைக்கும் ஓடுனாரு. அந்த வீட்ல இன்னும் குடிக்கல. மாத்திக் குடுத்துட்டு வந்துட்டாரு. யாருக்குத் தெரியும் சொல்லுங்க? மறுநா காலைல டாக்டரு வந்ததும், எல்லாரும் நிக்கிறப்பவே, நான் நேத்து இப்பிடிச் செஞ்சிட்டேன்னு அவரே சொல்றாரு. டாக்டரு எருமை மாடுன்னு திட்டுனாரு. நின்னு கேட்டுக்கிட்டாரு."

நான் அதன் பிறகு வேறு யாரிடமும் கேட்கவில்லை. என் விசாரணை முடிந்தது, றலியா. என் மகளாக இருந்தால் கொடுப்பேன். முடிவு உன்னுடையது.

காக்கா மக்கீன்


வெலிகாமம்
05.05.1946

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும். கண் வலி கொஞ்சம் கூடியிருந்தது. இப்போது பரவாயில்லை. காக்காவின் இருமல் மாறியிருக்கும் என்று நம்புகிறேன்.

அவர் நல்லவர் என்று காக்கா சொன்ன பிறகு நான் சொல்ல என்ன இருக்கிறது? மேற்கொண்டு ஆக வேண்டியதைக் காக்காவே பார்த்துச் செய்யுங்கள்.

மதினிக்கும் ஸாலிஹுக்கும் ஸலாம்.
தங்கச்சி றலியா


வெள்ளவத்தை
20.05.1946

தங்கச்சி றலியாவுக்கு,

காக்காவின் ஸலாம். உன் கண் வலி குறைந்தது அறிந்து ஆறுதல்.

உன் கடிதம் கிடைத்த மறு சனிக்கிழமை மீரா சாஹிப் வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும் பதியுதீன் உள்ளேயிருந்து வந்து, "இருமல் எப்பிடி நானா?" என்றார். முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் எல்லாம் விளங்கியிருந்தது. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசி, உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படியிருக்க, நேற்று அலவி நானா வந்தார். நீ கவலையாக இருக்கிறாய் என்கிறார். "ரெண்டு தரம் கேட்டு எழுதியும் காக்கா அதுக்கு மட்டும் பதில் போடல்லயாம். அதுவே பதிலெண்டு எடுத்துக்கொண்டாவாம்" என்றார். எது என்று அவருக்கும் தெரியாது. எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. உன் கடிதம் மூன்றும் என் மேசையில் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வாசித்தேன். நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன், உயரம் உட்பட.

நான் பதில் சொல்லாத கேள்வி எது? உடனே எழுது. இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

காக்கா மக்கீன்


வெலிகாமம்
02.06.1946

கண்ணியமிக்க மாமாவுக்கு,

மருமகள் றமீலாவின் ஸலாம். மாமாவும் மாமியும் நலம்தானே? உம்மா சுகம். இது உம்மா சொல்லி எழுதுகிற கடிதமல்ல. நான் எழுதுகிறேன். உம்மாவுக்குத் தெரியாது.

மாமா கடைசியாக எழுதியதை உம்மாவுக்கு வாசித்தேன். "வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்" என்பது வரைக்கும் வாசித்தேன். அதற்குப் பிறகு இருந்ததை வாசிக்கவில்லை. மாமா ஸலாம் சொல்லி முடித்திருக்கிறார் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

மாமா பதில் சொல்லாத கேள்வி மாமாவிடம் வரவேயில்லை. நான்தான் எழுதவில்லை. பங்குனிக் கடிதத்தில் உம்மா சொன்னது இதுதான்: "ஸாலிஹ் இருக்கும்போது நான் ஏன் வெளியில் தேட வேண்டும் காக்கா? நான் இருக்கிற வீடே நீங்கள் தந்தது. அதற்கு மேல் உங்கள் மகனையும் தாருங்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு மனமிருந்தால் ஒரு சொல் எழுதுங்கள்." உம்மா இதைச் சொல்லும்போது அழுதா. நான் அதை எழுதாமல் விட்டேன். கடதாசி வெறுமையாகத் தெரிந்ததால் உயரத்தைக் கேட்டேன். அது என் கேள்வி. கிழவிக்கு என்ன பதில் சொன்னார் என்பதும் என் கேள்விதான்.

சித்திரையில் உம்மா திரும்பவும் கேட்டா. திரும்பவும் எழுதவில்லை. உம்மா சொன்னதெல்லாம், "காக்கா என் பேச்சைக் காதில் போடவில்லை. அப்படியானால் அவர் இஷ்டம்" என்பதுதான். அதை நான் சம்மதம் போல மாற்றி எழுதினேன்.

ஸாலிஹ் மச்சானில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாமாவின் கடிதங்களை நான் ஒரு முறை உம்மாவுக்கும் பல முறை எனக்கும் வாசித்தேன். நான் கண்ணால் காணாத அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

முகத்துவாரத்துக்குப் போன கதையை வாசித்ததிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. யாருக்கும் தெரியாததை அவர் தானாகப் போய்ச் சொன்னார். நான் கண் தெரியாத உம்மாவை ஏமாற்றி அவருக்கு வாழ்க்கைப்படப் போகிறேன். அது எனக்கு முடியாது. இதனால் அவர் கிடைக்காமல் போனாலும் முடியாது.

மாமா பதில் எழுதுங்கள். எதை எழுதினாலும் உம்மாவுக்கு முழுதாக வாசிப்பேன்.

மாமாவின் மன்னிப்பை வேண்டும்,
றமீலா


வெள்ளவத்தை
23.06.1946

தங்கச்சி றலியாவுக்கு,

காக்காவின் ஸலாம். மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குச் சுகயீனம் காரணமில்லை. எழுதத் தெரியாமல் இருந்தேன்.

நீ என்னிடம் இரண்டு தரம் கேட்டது எனக்கு வந்து சேரவில்லை. அது எப்படி என்று உன் மகள் சொல்வாள். றமீலா, இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வை. உம்மாவிடம் சொல்லி முடித்த பிறகு மேலே வாசி.

இப்போது உனக்குத் தெரியும். நீ அவளை அடிக்கக் கை ஓங்கியிருந்தால் இறக்கிக்கொள், ஏனென்றால் அடுத்த அடி எனக்கு விழ வேண்டும். றமீலாவை என் வீட்டுக்கு எடுக்க எனக்கு ஆசை, நஸீறாவுக்கு ஆசை, ஸாலிஹுக்கும் ஆசை. நான் கேட்டால் உன்னால் மறுக்க முடியாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைப் பெரிய நேர்மை என்றும் எண்ணிக்கொண்டேன். நீயும் முதலில் இதே மாதிரி தயங்கி இருந்திருக்கிறாய். உன் மகள் இரண்டு தரம் மறைத்தாள். நான் இரண்டு வருஷம் மறைத்தேன். யாரை முதலில் திட்டுவது?

வாக்குக் கொடுத்தவன் நான் என்பதால் கொட்டாஞ்சேனைக்குப் போய் மீரா சாஹிபிடமும் மகனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை. மீரா சாஹிபுக்குக் கோபம் வந்தது. "எங்கட வீட்டெத் தலைகீழா விசாரிச்சீங்க. ஒங்கட வீட்டெ விசாரிக்க மறந்திட்டீங்களா?" என்றார். பதியுதீன் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் புள்ள தானா எழுதினதா, இல்லாட்டி ஆரும் கண்டுபுடிச்சா?"

"தானாத்தான் எழுதின" என்றேன்.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்ல" என்று சொல்லி, டிஸ்பென்சரிக்காக வெட்டிக்கொண்டிருந்த வேளைக் குறிக் கடதாசியை விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். ஆனால் பெண்ணின் தாய் மனதார அழைத்தால்தான் வருவேன் என்றும் சொன்னார். பிடிவாதக்காரர் என்று முதலிலேயே எழுதினேனே.

ஸாலிஹுக்கும் எல்லாம் எழுதினேன். பதில் ஒரு வரி. "கலியாணத்துக்கு ஒரு கிழமை லீவு கேட்டிருக்கிறேன்" என்று மட்டும். உன் மதினி அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அழுதா.

இனி நீ சொல். எனக்கு வாக்கும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லாதவன்.

காக்கா மக்கீன்


வெலிகாமம்
07.07.1946

காக்காவுக்குத் தங்கச்சி றலியாவின் ஸலாம். நீங்களும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தையும் றமீலாதான் எழுதுகிறாள். நான் சொல்வதை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். எழுதி முடிந்ததும் அடுத்த வீட்டு பைறோஸா எனக்கு வாசித்துக் காட்டுவாள்.

என் மகள் கள்ளி. ஏன் நிறுத்திவிட்டாய், எழுது. என் மகள் கள்ளி. கண் தெரியாத தாயின் வாயிலிருந்து பேச்சைத் திருடினாள். அவளோடு ஒன்பது நாள் நான் பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் அவள் வேளைக்கு வேளை சோறு போட்டுக் கண்ணுக்கு மருந்து விட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். பத்தாம் நாள், நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே, எனக்குத் தெரிந்திருக்காதே என்று கேட்டேன். "தெரிஞ்சிக்காது உம்மா. அதுதான் பயமா இருந்த" என்றாள். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

ஸாலிஹை நான் மடியில் வைத்துச் சோறூட்டியிருக்கிறேன். அவன் இந்த வீட்டு மாப்பிள்ளையாக வருவான் என்று அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நினைத்தேன். இன்றைக்கும் என் ஆசை அவன்தான். இதையும் எழுது என்றேன், எழுதிக்கொண்டிருக்கிறாள். என் ஆசையை நான் அவளுக்குக் கட்டி வைக்க முடியாது. கட்டி வைத்தால் அவள் ஒரு சொல்லும் பேசாமல் வாழ்ந்துவிடுவாள். அப்படி ஒரு பேச்சில்லாத வீட்டை ஸாலிஹுக்குக் கொடுக்க நான் யார்?

பெருநாள் கழித்துக் கொட்டாஞ்சேனையார் வரட்டும். தாய் மனதார அழைக்கிறாளா என்று மாப்பிள்ளை கேட்டால், மனம் முழுதாக இன்னும் வரவில்லை, வந்த அளவுக்கு அழைக்கிறேன் என்று சொல்லுங்கள். வேறு விதமாகச் சொன்னால் அது பொய். அவர் ஏற்றுக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஸாலிஹ் லீவில் வரும்போது முதலில் இங்கே வரட்டும். அவனுக்கு நான் நேரில் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதைக் கடிதத்தில் சொல்ல மாட்டேன்.

உங்கள் துஆவை நாடும் தங்கச்சி,
றலியா

பைறோஸா வாசித்துக் காட்டினாள். எல்லாம் இருக்கிறது.